கடிகாரம் இல்லாத வகுப்பு

மே 4, திங்கள்

இந்த டைரியை நூல்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தார். இதுவரை இதில் யாருக்கு மார்பு எத்தனை, கைநீளம் எத்தனை என்றுதான் எழுதியிருந்தேன். இன்று வேறு எழுதலாமென்று உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. வெட்டுமேஜை மேல் வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன்.

என் பெயர் குருவம்மாள். சங்கரன்கோவிலில் ஜாக்கெட் தைக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு, வாசித்தது ஊருக்கு வருகிற அத்தனை வார இதழும். ஏன் ஐந்தோடு நிறுத்தினாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். இன்று கேட்டது போஸ்டாபீஸ் அம்மா. அந்தப் பள்ளிக்கூடம் ஐந்து வருஷத்துக்கு மேல் என் அழகைத் தாங்கவில்லை என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் எடுத்த அளவு தப்பிப்போய் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். மகள் மதுவந்திக்குப் பன்னிரண்டு வயது. போன கார்த்திகையிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டில்தான் படிக்கிறாள். தமிழ், இங்கிலீஷ், அறிவியல் எல்லாம் யாரும் சொல்லாமலே வாசிக்கிறாள். கணக்குப் புத்தகம் மட்டும் அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது. டிரம் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்தது என்கிறாள். அது என்றைக்கும் ஆடியதில்லை.

குவைத்திலிருந்து எங்கள் வீட்டு சுல்தான் உத்தரவு போட்டுவிட்டார். மே மாதம் முடிவதற்குள் போனில் நடக்கிற நல்ல கணக்கு வகுப்பாகப் பார்த்துச் சேர்த்து, பிள்ளைக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு வரும் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் ஜூனில் பாளையங்கோட்டை ஹாஸ்டல். அவருடைய அக்கா இந்திராணி மைனி அந்தப் பள்ளிக்கூட ஆபீசில்தான் இருக்கிறார்கள். சீட்டு சொல்லி வைத்தாயிற்றாம்.

ஹாஸ்டல் என்றதும் மது தட்டிலிருந்த சோற்றை வரிசையாக அடுக்கினாள்.

மே 5

வைகாசி முகூர்த்தத்துக்குப் பதினாறு ஜாக்கெட். வெயில்.

மே 6, புதன்

முதல் கம்பெனி. விளம்பரத்தில் ஒரு சிங்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்குப் போடும். அதனால் சிங்கக் கம்பெனி. நேற்று ஒரே நாளில் பதினோரு தடவை போன் செய்தார்கள். எனக்குக் கல்யாணம் பேசியபோது கூட இத்தனை பேர் இத்தனை ஆர்வமாகக் கேட்கவில்லை.

சாயந்தரம் இலவச வகுப்பு. போனை மேஜையில் சாய்த்துவிட்டு, நான் பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். சார் வந்தார், பாட்டு வந்தது, சிங்கம் குதித்தது. கேமராவை ஆன் செய்யச் சொன்னார். மது செய்தாள்.

"மதுவந்தி, உங்க முகம் தெரியலையே. போனைக் கொஞ்சம் மேலே தூக்குங்க."

தூக்கினாள்.

"இப்பவும் கழுத்து வரைக்கும்தான் தெரியுது."

நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளை கேமராவைத் துணி மாட்டுகிற பொம்மையின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். போஸ்டாபீஸ் அம்மாவின் பச்சைப் பட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தலையில்லாமல், அது பாடம் கேட்கிறது. சார் பாவம், அதனிடம் மூன்றில் இரண்டு பங்கு பற்றி ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுத்தார். நான் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தேன். மது சிரிக்கவில்லை. அவள் மேஜைக்கு அடியில் இருந்தாள்.

சிங்கம் வேண்டாம்.

மே 8, வெள்ளி

வெள்ளி அவருக்கு லீவு, போன் வரும் நாள். என்ன ஆயிற்று என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாப்பிள்ளை பார்ப்பது போல என்றேன். சிரிக்கவில்லை. அங்கே ஏசிக்குத் தகரக் குழாய் மாட்டும் வேலை. வெயிலில் நின்று நின்று சிரிப்பு காய்ந்துவிட்டது போல. பிள்ளை நம்மைப் போல ஆகிவிடக் கூடாது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். நம்மைப் போல என்றால் என்னைப் போல. அவர் எட்டாம் வகுப்பு.

அதன் பிறகு ஒரு ஜாக்கெட்டின் கையை மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடியும் மாற்றித் தைத்தேன்.

மே 11, திங்கள்

இரண்டாவது வகுப்பு வேகக் கணக்கு. சின்னப் பிள்ளைகள் கையைக் காற்றில் ஆட்டிக்கொண்டே பெரிய பெரிய எண்களைக் கூட்டுகிற வீடியோ அனுப்பினார்கள். சாமியாடுவது போலிருந்தது. ஆனால் விடை சரியாக வருகிறது. சரி, இதையும் பார்ப்போம் என்றேன்.

திரையில் கேள்வி வந்தது. அதன் தலைக்கு மேல் சிவப்பாக ஒரு கடிகாரம். முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. டிக் டிக் என்று சத்தம் வேறு.

மது எழுந்து பின்கட்டுக்குப் போனாள். வரவில்லை. போய்ப் பார்த்தேன். வாந்தி எடுத்துவிட்டு, வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததும் இதுதான். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த கணக்கு மிஸ் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். கடைசியாக முடிக்கிற பிள்ளை மறுநாள் கணக்கு வகுப்பு வரை எல்லா வகுப்பிலும் நிற்க வேண்டும். மது பதினேழு நாள் நின்றாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. நான் வயிற்றுப்பூச்சி என்று மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் வகுப்பிலேயே விழுந்தாள். அன்றோடு பையைத் தூக்கிக்கொண்டு கூட்டி வந்துவிட்டேன். அவசரக்காரி என்று மைனி சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. ஆனால் போனை வைக்க ரொம்ப நேரம் எடுத்தார்.

வேகக் கணக்குக்காரர் திரும்பக் கூப்பிட்டார். பிள்ளைக்கு இணைப்பு துண்டாகிவிட்டதா என்றார். ஆமாம் சார், துண்டாகிவிட்டது என்றேன்.

மே 13

மெஷின் பெல்ட் அறுந்தது. நல்லவேளை, வெளியே போகச் சாக்காக அதாவது அறுந்ததே என்றிருந்தது. கடைத்தெருவுக்கு மூன்று தடவை நடந்தேன். ஒரு பெல்ட்தான் வாங்கினேன்.

மே 14, வியாழன்

போஸ்டாபீஸ் அம்மா, தன் தங்கை மகள் படிக்கிற வகுப்பு என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். திருச்சியில் ரெஜினா மிஸ். கம்பெனி இல்லை, ஒரே ஆள். வீட்டிலிருந்தே பாடம் பேசிப் பதிவு செய்து தினம் காலையில் அனுப்புவார்களாம். பிள்ளை முடிந்தபோது பார்த்து, நோட்டில் போட்டு, படம் எடுத்து அனுப்பினால் போதும். வாரம் இரண்டு நாள் போனில் பேசுவார்கள். முகம் காட்ட வேண்டாம்.

கடிகாரம் உண்டா என்று கேட்டேன்.

"எங்க வீட்டுச் சுவத்துல ஒண்ணு மாட்டிருக்கேன்மா. அதுவும் ரெண்டு வருஷமா ஓடல."

எனக்கு இந்த மிஸ்ஸைப் பிடித்துவிட்டது. என் வாய்க்குச் சரியான ஆள்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை அனுப்புவார்களாம். எழுதி அனுப்புங்க, நானே திருத்தி, எங்கே ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன் என்றார்கள்.

மே 15, வெள்ளி

மது நூலகத்துக்குப் போயிருந்தாள். போனில் ரெஜினா மிஸ்ஸின் பரீட்சை வந்தது. திறந்தால் முதல் கேள்வியே பெற்றோர் பெயர். அப்புறம் அப்பா நம்பர், அம்மா நம்பர், பிள்ளையின் பெயர், வயது. ஓகோ, முதலில் நமக்கா என்று புரிந்துகொண்டேன்.

எனக்கு இது புதிதில்லை. மதுவை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோதும் இப்படித்தான். பிள்ளை வெளியே சறுக்குமரத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் உள்ளே உட்காரவைத்து என்ன படிப்பு, பிள்ளைக்கு வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது என்று துருவினார்கள். ஒரு தாளைக் கொடுத்து என்னை இங்கிலீஷில் நாலு வரி எழுதச் சொன்னார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். எனக்கு அப்போது கண்ணாடியே கிடையாது. போனில் நடக்கிற வகுப்புக்கும் அம்மாவுக்குத் தேர்வு வைத்துத்தானே சேர்ப்பார்கள்.

இருபது கேள்வி. கதவைச் சாத்திவிட்டு எழுதினேன்.

அரை, கால், முக்கால் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மூன்றேகாலில் பாதி எவ்வளவு என்று ஒரு கேள்வி. டேப்பை எடுத்து மூன்றேகாலில் பிடித்து இரண்டாக மடித்தேன். ஒன்றரை இஞ்சும் ஒரு நூலும். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அப்படியே எழுதினேன். நாற்பது மார்புக்கு நாலில் ஒரு பங்கு வெட்டத் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா.

நடுவில் ஒரு கேள்வி தனியாக நின்றது. துணி இல்லை, மாம்பழம் இல்லை, வெறும் எண். 7×8. கொக்கி டப்பாவைக் கொட்டி, எட்டு எட்டாக ஏழு வரிசை வைத்து எண்ணியிருக்கலாம். கை போகவில்லை. தாண்டிவிட்டேன். அதன் பிறகு ஏழு வந்த இடமெல்லாம் அந்தக் கண்ணாடி கொண்டுவராத கதைதான்.

அனுப்பிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு எதற்குத் தண்ணீர் தெளிக்கிறாய் என்று தெருவில் போனவர்கள் கேட்டார்கள்.

மே 18, திங்கள்

ரெஜினா மிஸ்ஸின் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

'மதுவந்தி பொறுமையான பிள்ளை. பின்னக் கணக்குகள் ஐந்தும் சரி. ஒன்றுக்கு "ஒன்றரையும் ஒரு நூலும்" என்று விடை எழுதியிருக்கிறாள். இருபது வருஷத்தில் இப்படி ஒரு விடையை நான் பார்த்ததில்லை. விசாரித்தேன், சரியான விடை. பெருக்கலும் வகுத்தலும் மட்டும் நான்காம் வகுப்பில் நிற்கின்றன. தெரியாமல் விட்டதாகத் தோன்றவில்லை. ஏழு வருகிற இடங்களைத் தொடாமலே தாண்டியிருக்கிறாள். யாரோ இவளை அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அவசரமில்லாமல் நான்காம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.'

மூன்று தடவை வாசித்தேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ.

அப்புறம்தான் உறைத்தது. பரீட்சை அம்மாவுக்கு இல்லை.

மிஸ்ஸுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நம்பரை எடுத்தேன். அதற்குள் குவைத்திலிருந்து அவர் போன். திங்கட்கிழமை அவர் கூப்பிட்டதே கிடையாது. அப்பா நம்பருக்கும் பதில் போயிருக்கிறது.

"நாலாங்கிளாஸ்னு போட்ருக்கு குருவு. ஆறு மாசமா வீட்ல வச்சு என்ன செஞ்ச?"

நான் சொல்ல வாயெடுத்தேன். கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் போன் எப்படி நிற்கும் என்று டைரி என்னைக் கேட்கக் கூடாது.

அக்காவிடம் சொல்லிவிட்டேன், ஜூன் ஒன்றாம் தேதி ஹாஸ்டல் என்று செய்தி அனுப்பியிருந்தார். மது என் போனை வாங்கி மிஸ் எழுதியதை வாசித்தாள். நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய தண்ணீரைக் கொட்டிக் குடத்தைக் கழுவப் போனாள்.

நான் எழுதவில்லையே என்று அவள் ஏன் கேட்கவில்லை?

மே 19

நாலு ஜாக்கெட் முடித்தேன். அதில் மூன்றைப் பிரித்தேன்.

மே 20, புதன்

இந்திராணி மைனி வந்தார்கள். கையில் பட்டியல். டிரங்குப் பெட்டி ஒன்று, வாளி இரண்டு, பூட்டு ஒன்று, சாவி மூன்று. எல்லாத் துணியிலும் பிள்ளையின் எண்ணைச் சிவப்பு நூலால் தைக்க வேண்டும். சலவையில் மாறாமலிருக்க. மதுவின் எண் 56.

மைனி நல்லவர்கள்தான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எனக்கு மாவரைத்துக் கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டே, ஐந்தாங்கிளாஸ் அம்மா நாலாங்கிளாஸ் பிள்ளையைத்தான் தயார் பண்ண முடியும், அது உன் தப்பில்லை என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நல்லாச் சொன்னீங்க மைனி, ஒரு வகுப்பு லாபத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்றேன். மைனிக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரிப்பு.

மது அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

மே 21

56. 56. 56. ஐந்து துணி முடிந்தது. ஏழு பாக்கி.

மே 22, வெள்ளி

அவர் மதுவிடம் பேசினார். என்னைவிட அவளிடம் மெதுவாகத்தான் பேசுவார். போக உனக்குச் சம்மதமா அம்மா என்று கேட்டது எனக்கும் கேட்டது. மாட்டேன் என்று அழுவாள், அந்தச் சாக்கில் நான் உள்ளே புகுந்து சொல்லிவிடலாம் என்று கதவோரம் நின்றிருந்தேன்.

"போறேன்ப்பா" என்றாள்.

அவ்வளவுதான். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று மூன்று சாவியையும் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு வாளித் தண்ணீரில் முகத்தை வைத்திருந்த அதே பிள்ளை.

எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கோவிலைச் சுற்றினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. எண்ணிக்கையில் நமக்கு அவ்வளவு நல்ல பேர் கிடையாது.

மே 24, ஞாயிறு

மத்தியானம் கடைசித் துணிக்கு எண் தைத்துக்கொண்டிருந்தேன். மது எதிரே வந்து உட்கார்ந்து, பெட்டியில் வைக்க மடித்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்தி என் விரலில் ரத்தம். அதைச் சப்பிக்கொண்டே, ஏன் போறேன்னு சொன்ன என்று கேட்டுவிட்டேன்.

மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"அந்தப் பரீட்சையை நீதானம்மா எழுதுன?"

நான் எந்தப் பரீட்சை என்றேன். அவள் அடுத்த பாவாடையை எடுத்தாள். எப்படித் தெரியும் என்றேன்.

"ஒன்றரையும் ஒரு நூலும்னு நான் எழுதுவனாக்கும்? பின்னம் எனக்கு வரவே வராதும்மா. பெருக்கல்தான் நல்லா வரும். ஏழெட்டு அம்பத்தாறு. நாலு நாளா நீ அதத்தான் தச்சுட்டிருக்க."

துணியைப் பார்த்தேன். சிவப்பு நூலில், என் கையெழுத்தில், பன்னிரண்டாவது தடவையாக.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். கொஞ்சம் கத்தியிருப்பேன் போல. வாசலில் கோழி ஓடிற்று.

"சொன்னா அத்தை சிரிப்பாவ. நீயும் கூடச் சேந்து சிரிப்ப. அப்புறம் தச்சதையெல்லாம் உக்காந்து பிரிப்ப. எனக்கு அதப் பாக்க முடியாதும்மா. ஹாஸ்டல்ல நின்னுக்கிடுவேன். எனக்கு நிக்கப் பழக்கந்தானே."

இவ்வளவையும் பாவாடை மடிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. தேடித்தான் பார்த்தேன்.

மே 25, திங்கள்

எழுதிவிடுகிறேன். யாருக்கும் சொன்னதில்லை, மதுவுக்கும் இன்று காலையில்தான் சொன்னேன்.

ஐந்தாம் வகுப்பில் சார் பிரம்பால் மேஜையில் தாளம் போடுவார். ஒரு தட்டுக்கு ஒரு வரி. ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வந்தது. ஏழேழு நாற்பத்தொன்பது வரை சொன்னேன். ஏழெட்டில் நின்றது. அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. வகுப்பு முழுவதும் பெஞ்சில் சேர்ந்து தட்டச் சொன்னார். தட்டினார்கள். நான் நின்ற இடத்தில் பாவாடை நனைந்தது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும். வீட்டில் தீப்பெட்டி ஒட்ட ஆள் வேண்டியிருந்தது, அதனால் யாரும் அப்புறம் கேட்கவில்லை.

இவ்வளவுதான். எழுதினால் அரைப் பக்கம் கூட வரவில்லை.

பத்து மணிக்கு ரெஜினா மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். பரீட்சையை எழுதியது பிள்ளை இல்லை, நான், நாற்பத்தாறு வயது என்றேன். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடிகாரம் ஓடாத வீடு அல்லவா, அமைதி.

"நான் எழுதுனதுல மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். "வயசு மட்டும்தான் தப்பு."

மதுவுக்கு வேறு பரீட்சை அனுப்புகிறார்கள்.

மே 27, புதன்

மது எழுதினாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். அது டிக் டிக் என்று அங்கிருந்தும் கேட்டதால் அதன் பேட்டரியைக் கழற்றினேன். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே படியில். உட்கார்ந்தேன், எழுந்தேன். கொத்தமல்லி விற்றவளிடம் தேவையில்லாமல் நாலு கட்டு வாங்கினேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்களை வாசலிலேயே அளவெடுத்து அனுப்பினேன்.

ஒரு தடவை கதவு திறந்தது. கை மட்டும் வெளியே நீண்டது.

"எம்மா, டேப்பு."

கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கதவு சாத்திக்கொண்டது. எத்தனை மணி நேரம் என்று தெரியவில்லை. வீட்டில் கடிகாரம் இல்லை. வெளியே வந்தபோது முகம் சோர்ந்திருந்தது. பசிக்குது என்றாள். சாப்பிட்டாள். சாப்பிட்டது உள்ளேயே இருந்தது.

மே 29, வெள்ளி

காலையில் மைனி பெட்டியைப் பார்க்க வந்துவிட்டார்கள். மத்தியானம் அவர் போன். முகம் தெரிகிற மாதிரி கூப்பிடுங்க என்றேன். போனைப் பொம்மையின் கழுத்தில் டேப்பால் கட்டி நிறுத்தினேன். பொம்மைக்கு முதன்முதலாகத் தலை வந்தது. அதுவும் என் வீட்டுக்காரர் தலை. வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். அந்த நாலாங்கிளாஸ் பிள்ளை மது இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். எல்.கே.ஜி.யில் செய்தது போல அம்மாவுக்குத்தான் பரீட்சை என்று நினைத்தது, தெரிந்த பிறகும் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, பிள்ளை அதற்காக ஹாஸ்டலுக்குப் போக ஒத்துக்கொண்டது. மைனி சிரிக்க ஆரம்பித்தார்கள். வழக்கமாக நான் சேர்ந்துகொள்வேன். இன்று சேரவில்லை. கொஞ்ச நேரத்தில் மைனியின் சிரிப்பு தனியாக நின்று, தானாக உட்கார்ந்தது.

அவர் தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"யாரோ அவசரப்படுத்தியிருக்காங்கன்னு அந்த மிஸ் எழுதிருந்துச்சே. அது உன்னையா?"

"ஆமா."

ஐந்தாம் வகுப்பு சார் பிரம்பால் தட்டியதையும் சொன்னேன். லீவு நாளிலும் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி அங்கே ஏதோ சொன்னார், தட்டுவது நின்றது.

மதுவின் பரீட்சைக்கு நேற்று என் நம்பருக்கு மட்டும் வந்த மிஸ்ஸின் பதிலை மதுவே வாசித்தாள். பெருக்கல் வகுத்தல் ஏழாம் வகுப்புக்கு மேல். பின்னத்தில் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் டேப்பால் வந்தது என்று மிஸ்ஸுக்கே எழுதியிருந்தாளாம். ஆறாம் வகுப்பின் கடைசியிலிருந்து ஆரம்பிக்கலாம், பின்னத்துக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று மிஸ் முடித்திருந்தார்கள்.

அவர் எட்டிப் பார்ப்பது போல முகத்தை நெருக்கமாகக் கொண்டுவந்தார்.

"ஏழாவதுன்னுதான நான் சொன்னேன்" என்றார். அப்புறம், "தீபாவளிக்கு வாரேன். அதுவரைக்கும் இருக்கட்டும். வந்து நானே பாக்கேன்." மதுவிடம், இனிமேல் எதுக்காகவும் போறேன் என்று சொல்லாதே அம்மா, நிக்கிறதாக இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டு நில் என்றார். அவள் சரிப்பா என்றாள்.

மைனி சீட்டுக்கு என்ன சொல்வது என்று கொஞ்சம் முணுமுணுத்தார்கள். போகும்போது வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்று, பிரம்பைத் தட்டிய வாத்தியார் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். அவரா, எனக்கும் அவர்தான் வாத்தியார், குருவு என்றார்கள். செருப்பு அவர்கள் காலில்தான் இருந்தது.

ஜூன் 1, திங்கள்

காலை ஏழு மணிக்கு முதல் பாடம் வந்தது. மது கணக்குப் புத்தகத்தை உருவினாள். அரிசி டிரம் ஆடவில்லை.

டிரங்குப் பெட்டியில் வெட்டி மிஞ்சிய துணிகளைப் போட்டுக்கொண்டேன். மூன்று சாவியும் எங்கே என்று தெரியவில்லை. தீபாவளி வரைக்கும் என்றால் எத்தனை நாள் என்று ஒரு பக்கம் மனசு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பாடம் பார்க்கிறாளா என்று நாலு தடவை எட்டிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை, எம்மா போய்த் தை என்றாள்.

துணிகளிலிருந்து எண்ணைப் பிரித்துவிடச் சொல்லியிருந்தாள். பிரிப்பதில் எனக்கு இருக்கிற பழக்கத்துக்கு ஒரு மணி நேர வேலை. பதினொன்றைப் பிரித்தேன். பன்னிரண்டாவது ஒரு வெள்ளைத் துவாலை. அதை மட்டும் பிரிக்காமல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். ஏழெட்டு எவ்வளவு என்று யாராவது கேட்டால், முகத்தைத் துடைப்பது போல எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.